கஞ்சியில் எழுந்த ஒன்பது

கையை முழுசாக நீட்டி, ஃபோனை எட்டப் பிடித்துப் படிக்கிற வயது நமக்கெல்லாம் வந்தாயிற்று. எங்கே பார்த்தாலும் திரை. சட்டைப் பையில் திரை, அடுப்படியில் திரை, தாம்பரம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குப் பிளாட்பாரம் திரை. அலுத்துப் போச்சு என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. எனக்கு அலுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் என் கையாலேயே ஒரு திரை செய்திருக்கிறேன். பொய். நாங்கள் இரண்டு பேர் செய்தோம். அதுவும் பாதிப் பொய்தான். அவள் செய்தாள், நான் பக்கத்தில் நின்று ஆட்டம் போட்டேன்.

அவள் என் பெஞ்சுக்காரி. அவளுடைய அப்பா, அவள் பேச்சில் அத்தா, தாம்பரம் மார்க்கெட் பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி, சலூனுக்கு நிலைக்கண்ணாடி, சாமி படத்துக்குச் சட்டம், எல்லாம் அங்கேதான். பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு சட்டத்துக்காகக் காத்திருப்பார்கள். வைர முனைக் கத்தியால் ஒரு கோடு, மேஜை விளிம்பில் ஒரு தட்டு, கண்ணாடி ‘டிக்’ என்று இரண்டாகும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் சாயங்காலம் அங்கே போவேன். எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருந்த காலனியில். அப்பா அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். நான் வகுப்பில் முதல் ரேங்க். அவள் கடைசியிலிருந்து இரண்டாவது. “அந்தப் பொண்ணோட சேராதே, மார்க் குறையும்” என்பது அப்பாவின் மந்திரம். மார்க் என்னவோ ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார் மனுஷன்.

எல்லாம் ஒரு கைக்கடிகாரத்தில் ஆரம்பித்தது. அவளுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் வாட்ச். முள் கிடையாது, கறுப்புக் கறுப்பாக எண் மட்டும் வரும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் பத்துப் பேர் மணி கேட்பார்கள், தெரிந்துகொண்டே. அது மழையில் நனைந்து செத்துப்போனது. மாமா தூக்கிப் போட்டதை இவள் எடுத்துப் பிரித்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் கணக்கு மிஸ் போர்டு பக்கம் திரும்பியதும் என் உள்ளங்கையில் ஒரு சின்னச் சில்லை வைத்தாள்.

“பார்த்தியா? உள்ள லைட்டே கிடையாதுடி. ரெண்டு கண்ணாடி. நடுவுல ஏதோ கூழு ஊத்திக் கீது. கரண்டு வந்தா கூழு கறுக்குது. அவ்ளோதான் மேட்டரு.”

“அவ்ளோதானா?”

“கண்ணாடி எங்க கடையில கீது. கூழு மட்டும் நீ கண்டுபுடி. நீதானே ஃபர்ஸ்ட் ரேங்கு.”

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்டு பட்டால் கறுக்கிற கூழ்! வேதியியல் பாடத்தில் பக்கம் பக்கமாகத் தேடினேன். பதில் என் முன்னாலேயே இருந்தது. சோற்றின் மேல் அயோடின் சொட்டு விட்டால் நீலமாகும் என்று எட்டாம் வகுப்பிலேயே ஒப்பித்திருந்தோம். பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கரண்டு விட்டால் கரிக்குச்சியைச் சுற்றி அயோடின் பிரியும் என்று இந்த வருடப் பாடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்தால்? சோறு வடித்த கஞ்சியில் அயோடைடைக் கரைத்துக் கரண்டு விட்டால்? நான் லஞ்ச் மணி அடித்ததும் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது. சந்தோஷத்தில் நானும் திருப்பிக் கிள்ளினேன்.

வேதியியல் மிஸ்ஸிடம் கேட்டதும் இரண்டு ஸ்பூன் அயோடைடைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “கஞ்சியில டிஸ்ப்ளேவா? வந்தா சொல்லுங்கடி, நானும் பார்க்கிறேன்” என்று சிரித்தார்.

இதே சமயத்தில்தான் காலாண்டு மார்க் வந்தது. அவளுக்கு நாலு பாடத்தில் ஃபெயில். ஹெச்.எம். மேடம் அவள் அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கப் போனவள், கதவோரம் நின்று அத்தனையும் கேட்டேன்.

“பாய், எங்க ஸ்கூல் இதுவரைக்கும் பத்தாவதுல நூத்துக்கு நூறு பாஸ். உங்க பொண்ணு ஒருத்தியால அது கெடக்கூடாது. வருஷக் கடைசியில டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க.”

“மேடம், இந்த ஸ்கூல் ஜன்னல் கண்ணாடி அத்தனையும் நான் போட்டது மேடம்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன பாய் சம்பந்தம்?”

“சம்பந்தம் ஒண்ணும் இல்ல மேடம். தோணுச்சு, சொன்னேன்.”

அவர் வெளியே வந்தபோது என் தலையில் கையை வைத்து, “நல்லாப் படிக்கணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எதற்கு அந்தப் புத்திமதி? நான்தான் படிக்கிறேனே! அவருக்கு யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது, பாவம்.

நூற்றுக்கு நூறு வாங்குவதற்கு அப்போதும் அதுதான் வழி, தேறாத பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே களைந்துவிடுவது. நம்மில் எத்தனை பேர் பெஞ்சில் அப்படி ஓர் இடம் திடீரென்று காலியானது, யோசித்துப் பாருங்கள். அவள் அழவில்லை. அடுத்த நாள் பிரேயரில் ஒரு அறிவிப்பு வந்தது. வண்டலூரில் ஒரு பெரிய பள்ளியில் அறிவியல் கண்காட்சி, பள்ளிக்குப் பேர் வாங்கித் தரும் மாணவிகளைக் கரஸ்பாண்டென்ட் மறக்கவே மாட்டார் என்று. அவள் என் முழங்கையை இடித்தாள்.

“நம்ம கூழு டிஸ்ப்ளே போகுதுடி. எம் பேரு அதுல வந்துச்சுன்னா என்னை வுட்ருவாங்க. டி.சி. குடுக்க மாட்டாங்க.”

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து! உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் எட்டு ஓட்டை போட வேண்டும். எட்டு என்ற எண்ணை ஏழு கோடாகப் பிரித்தால் ஏழு ஓட்டை, கரண்டு திரும்பிப் போகச் சுற்றி ஓடும் கம்பிக்கு ஒன்று. நிலைக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ ஓட்டை போடுகிற கைத் துளைப்பானை அத்தா கொடுத்தார். துளைக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டுக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் சுற்றுவாள். கடை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். ஏழாவது ஓட்டை வரைக்கும் வந்து ‘டிக்’. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ‘டிக்’. ஒரு சாயங்காலத்தில் நாலு கண்ணாடி போயிற்று. அத்தா அடுத்த துண்டை அளவாக வெட்டி நகர்த்துவார். ஒன்பதாவது கண்ணாடியில் எட்டு ஓட்டையும் விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துத் துணிக்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பென்சிலைப் பிளந்து கரியை எடுத்தோம். விரல் கணு நீளத்துக்கு ஏழு துண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஓட்டை வழியே பின்னால் இழுத்து, மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தோம். முதல் தடவை மெழுகு சரியாக மூடாமல் செம்பு நனைந்து, கஞ்சியெல்லாம் பழுப்பும் பச்சையுமாகிப் போனது. பார்க்கச் சகிக்கவில்லை. சைக்கிள் டியூபைச் சதுரமாக நறுக்கி நடுவில் வைத்து, முன்னால் இன்னொரு கண்ணாடி, இரண்டையும் இறுக்கும் படச் சட்டத்தின் நாலு மூலையிலும் ஸ்க்ரூ. டால்டா டப்பாத் தகட்டில், அழுத்தினால் கரண்டு பாய்கிற மாதிரி ஏழு சாவி. கீழே நாலு டார்ச் செல்.

மெழுகு சரியாக மூடிய நாளில் ஊற்றியது எங்கள் வீட்டுக் கஞ்சி. அம்மா புடவைக்குப் போட வைத்திருந்ததில் ஒரு டம்ளர் திருடிவந்தேன். அவள் ஊற்றினாள். இரண்டு தகட்டை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. நான் பல்லைக் கடித்தேன். பத்து எண்ணியிருப்போம், வெள்ளைக் கஞ்சிக்குள்ளே வலது ஓரமாக மெல்லிசாக ஒரு நீலம். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் கறுத்துக் கறுத்துச் சேர்ந்து, ‘1’! அடி ஆத்தி! நான் கடைக்குள்ளேயே குதித்தேன். சாய்ந்திருந்த பிள்ளையார் சரியப் பார்த்தார், அத்தா ஒரு கையால் பிடித்துக்கொண்டார். செல்லைத் திருப்பிப் போட்டால் எண் மெதுவாக மறைந்தது. உலகத்திலேயே சோம்பேறியான எண் அதுவாகத்தான் இருக்கும். வர அரை நிமிஷம், போக இரண்டு நிமிஷம். ஆனால் நாங்கள் செய்த எண். இன்றைக்கு வரைக்கும் எந்தத் திரையைப் பார்த்தும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன், கேளுங்கள். ஹெச்.எம். மேடம் ஆபீஸ் அறையில் எங்கள் திரையைப் பார்த்தார். ‘3’ எழுந்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பேனாவை எடுத்து, என்னைப் பார்த்து, “உன் ஐடியாதானே? நீயே போ. இங்கிலீஷ்ல எக்ஸ்ப்ளெயின் பண்ணணும்” என்று சொல்லி என் பெயரை மட்டும் எழுதினார். அவளைப் பார்த்து, “நீ வாலண்டியரா வா. தண்ணி குடுக்க ஆள் வேணும்” என்றார். மேடம், செய்தது இவள்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. மேடம் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லவில்லை. பயமா, ஆசையா, இரண்டும்தான். வெளியே வந்ததும் அவள், “பரவால்ல, பிரைஸ் வாங்கினா அப்ப சொல்லிக்கலாம்” என்றாள். அன்றைக்கு எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கண்காட்சி விஜயதசமி அன்று. நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவள் திரையில் புதுக் கஞ்சி ஊற்றி, அப்பாவிடம் போட்டுக் காட்டச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு சாயங்காலம் கஞ்சிய மாத்திடு. மறக்காதே. இது அயோடைடு” என்று ஒரு சின்ன பாட்டிலையும் கொடுத்தாள். “பாதி உனக்கு, பாதி எங்கிட்ட கீது.”

வீட்டில் அம்மா அதைப் பார்த்தாள். அவ்வளவுதான். என் புத்தகம், அப்பாவின் பேனா, தையல் மெஷினின் கத்திரி, இவற்றோடு எங்கள் திரையும் பூஜையில் ஏறிவிட்டது. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்து எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் படிப்பு வராது.

“அம்மா, கஞ்சி மாத்தணும்மா. அஞ்சே நிமிஷம்.”

“சரஸ்வதி முன்னாடி வெச்சதைத் தொடுவியா? அவளே பார்த்துப்பா, போ.”

தொடாமல் இருந்தேன். பயந்தாங்கொள்ளிக்கு ஒரு பயமா இரண்டு பயமா! மறுநாள் காலை தூபம் காட்டி எடுத்ததும் அப்படியே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். புரட்டாசி, ஐப்பசி வெக்கையில் இரண்டு நாள் கண்ணாடிக்குள் அடைபட்ட கஞ்சி. அது என்ன பாடுபடும் என்று வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், முதல் ரேங்குக்குத் தெரியவில்லை.

வண்டலூர்ப் பள்ளி ஹாலில் ஈ, கொசு நுழைய இடமில்லை. எனக்குப் பக்கத்து மேஜையில் எரிமலை. நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியர், வெள்ளைச் சட்டை, கையில் அட்டை. ஹெச்.எம். மேடம் பட்டுப் புடவையில் பின்னாலேயே நின்றார். நான் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத் தகட்டை அழுத்தினேன். தண்ணீராகிப் போயிருந்த கஞ்சிக்குள் பழுப்பாக ஒரு புகை கிளம்பி, அப்படியே பரவி, எண்ணும் இல்லை எழுத்தும் இல்லை, ஒரே அழுக்கு. குமிழி குமிழியாக மேலே ஏறியது. வேறு சாவியை அழுத்தினேன். இன்னும் அழுக்கு.

“பரவாயில்லம்மா. நல்ல முயற்சி” என்று பேராசிரியர் எரிமலைப் பக்கம் நகர்ந்தார். என் பிரைஸ் போனது ஒரு பக்கம். அவளுடைய பத்தாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தது, என் கண்ணெதிரில்.

தண்ணீர்ப் பானை மேஜையிலிருந்து அவள் வந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

“அடிப்பாவி! கஞ்சி புளிச்சிடிச்சுடி! மாத்தலையா?”

“பூஜையில வெச்சுட்டாங்க.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஸ் இருந்தது. பகல் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கிற நேரம். லாரிகளுக்கு நடுவே அவள் தாவணி பறந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்தபோது டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்து ஊதிக்கொண்டே வந்தாள், ஆவி பறந்தது.

“நீ உன் வேலையப் பாரு. இங்க என்ன?” என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எனக்கு வாய் வந்தது. ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

“மேடம், இதைச் செஞ்சது அவதான். எட்டு ஓட்டையும் அவ போட்டது. எனக்கு ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டத் தெரியாது!”

பேராசிரியர் எரிமலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நாலு ஸ்க்ரூவையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். கண்ணாடியைத் தாவணி முனையால் துடைத்தாள். தன்னிடம் இருந்த பாதி அயோடைடைக் கஞ்சியில் கொட்டி, பென்சிலால் கலக்கி, என் பரீட்சை அட்டையால் விசிறச் சொன்னாள். விசிறினேன், கை கழன்றுவிடும்போல. ஒரு குமிழி கூட இல்லாமல் ஊற்றி மூடினாள்.

“எந்த வகுப்பும்மா நீ?” என்றார் பேராசிரியர்.

வாயில் ஸ்க்ரூ இருந்ததால் அவள் பதில் சொல்லவில்லை. கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு ஆறு தகட்டை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினாள். எல்லோரும் குனிந்தோம். வெள்ளைக்குள் நீலம் கசிந்தது, கோடு கோடாகத் தடித்தது, ஒன்றோடொன்று சேர்ந்தது. ‘9’. கறுகறுவென்று, சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல்!

பேராசிரியர் கைதட்டிவிட்டார். “அப்ப அடுத்த வருஷம் என்ன போடுவ?”

அவள் ஹெச்.எம். மேடத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னாள். “பத்து போட இன்னொரு கண்ணாடி வேணும் சார். எங்க கடையில கீது. ஸ்கூல்ல வுட்டா செஞ்சிடுவேன்.”

“யார் விடமாட்டாங்க?” என்று அவர் மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். மேடமும் சிரித்தார், வேறு வழி?

முதல் பரிசு எரிமலைக்குப் போயிற்று, அதை விடுங்கள். எங்களுக்கு இரண்டாவது. சான்றிதழில் இரண்டு பெயர். கரஸ்பாண்டென்ட் அதைப் பிரேயரில் படித்தார். வருடக் கடைசியில் அவளுக்கு டி.சி. வரவில்லை. பத்தாம் வகுப்பு முழுக்கத் தினமும் சாயங்காலம் கண்ணாடிக்கடை மேஜையில் இரண்டு பேரும் படித்தோம். கடன்காரன் மாதிரி அவளை நான் விரட்டினேன். ஹெச்.எம். மேடம் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், “உன்னை நம்பித்தான் ஸ்கூல் பேர் இருக்கு, கெடுத்துடாதே” என்பார்.

அந்த வருடம் பள்ளியின் நூற்றுக்கு நூறு போயிற்று. ஒரே ஒரு பெண் தேறவில்லை என்று வாசல் போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள், யார் என்று எழுதவில்லை.

அது நான். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மா வேப்பிலை செருகிவிட்டு, ஆத்தா வந்திருக்கிற உடம்பை வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்றாள். மிச்சப் பரீட்சைகளும் போயின. முதல் ரேங்க்! அக்டோபரில் எழுதித் தேறினேன், அது வேறு கதை. ஆனால் அந்த மே மாதம் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா என்னோடு பேசவும் இல்லை.

ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் அவள் வந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எங்க கடைக்கு வந்து ஒரே துக்கம் விசாரிப்புடி! துணிக்கடைக்காரரு, டீக்கடைக்காரரு, நம்ம ஸ்கூல் வாட்ச்மேன். ‘போனா போவுது பாய், பொம்பளப் புள்ளதானே’ன்றாங்க. அத்தாவும் தலைய ஆட்டிகினு உக்காந்துகினு கீறாரு.”

“நீ பாஸ்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது?” என்றாள், மாம்பழத்தை என் வாயில் திணித்துக்கொண்டே. “சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க இல்ல?”